புள்ளடியும் புள்ளியும்

தேர்தல் கடமைக்குப் பெயர் வந்ததும் நம் அலுவலகங்களில் ஒரு தொற்றுநோய் பரவும். நேற்றுவரை மாடிப்படியில் தாவித் தாவி ஏறியவருக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். நன்றாகச் சாப்பிட்டவருக்கு வயிறு கெட்டுப்போகும். டொக்டரின் கடிதத்தோடு வந்து நிற்பார்கள். நான் பிரதேச செயலகத்தில் நிர்வாக அலுவலராக இருந்த காலத்தில் அந்தக் கடிதங்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, "பரவாயில்லை, உட்கார்ந்து செய்கிற வேலைதான், கதிரை தருவார்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அதனால் என்னைப் பலருக்குப் பிடிக்காது. இப்போது ஓய்வு பெற்று மடவளையில் வீட்டோடு இருக்கிறேன். இன்னும் பலருக்குப் பிடிக்காது.

இந்த முறை முதன்முதலாக வாக்கெடுப்பு நிலையங்களுக்குப் போகிற உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். பெட்டிக்கு எப்படி முத்திரை வைப்பது, எந்த விரலில் மை பூசுவது என்பதெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். அவற்றை நான் சொல்லப் போவதில்லை. என்னிடம் இருப்பது ஒரு கோபம். அது ஆறட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் நான் மௌத்தாகிவிடுவேன். ஆகவே சூட்டோடு சொல்லிவிடுகிறேன்.

தேர்தல் முடிவுகளை வானொலியில் வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். கட்சியின் பெயர், பெற்ற வாக்கு, அடுத்த கட்சி, பெற்ற வாக்கு என்று வரிசையாக வரும். கடைசியில் "நிராகரிக்கப்பட்ட வாக்குகள்" என்று ஒரு தொகை. அந்த இடம் வந்ததும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தேத்தண்ணீர் ஊற்ற எழுந்து போய்விடுவார்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, அடையாள அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, மலையிறங்கி வந்து வரிசையில் நின்ற மனிதர்கள் அந்தத் தொகைக்குள் கிடக்கிறார்கள். அவர்களை யார் நிராகரித்தது, எதற்காக நிராகரித்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கிடைப்பது ஒரே பதில்தான்: "சனங்களுக்கு வோட்டுப் போடத் தெரியாது." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் தொழிலில் இந்தப் பழமொழியை எத்தனையோ தடவை நேரில் பார்த்துவிட்டேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். நான் இளையவளாக, உதவி அலுவலராகப் போன ஒரு நிலையத்தில், முகத்தை மூடியபடி ஒரு பெண் வாக்களிக்க வந்தார். தலைமை அலுவலர் வரிசை முழுவதும் கேட்கும்படி, "முகத்தைக் காட்டினால் வோட்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ" என்று கத்தினார். சுற்றிலும் ஆண்கள். அந்தப் பெண் திரும்பி நடக்கத் தொடங்கினார். நான் எழுந்து போய் அவருடைய கையைப் பிடித்து, வகுப்பறை அலுமாரிக்குப் பின்னால் அழைத்துப்போய், அட்டையையும் முகத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டுக் கூட்டிவந்தேன். பிஸ்மி சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. "சட்டப்படி முகத்தைப் பார்க்க வேண்டும் மிஸ்" என்றார் தலைமை அலுவலர். "பார்த்தாச்சு சேர். சட்டம் பார்க்கச் சொன்னது, கத்தச் சொல்லவில்லை" என்றேன். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. எனக்கும் அது நிம்மதியாகவே இருந்தது.

இனி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பிரதேச சபைக்கு ஆளைத் தெரிவு செய்கிற மிகச் சிறிய பிரிவுக்கு வட்டாரம் என்று பெயர். நான் சொல்லும் வட்டாரம் கண்டியிலிருந்து மலையேறுகிற பஸ் மூச்சு வாங்கி நிற்கிற ஓர் இடத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் வேண்டாம். கீழே கடைவீதி. மேலே தேயிலைத் தோட்டமும், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும். லயத்துக்கு ஏறும் பாதை மழைக்குக் கரைந்து கரைந்து வெறும் பாறையாகிவிட்டது. பிள்ளை பெற நோவெடுத்தால் கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அந்தப் பாதையைப் போட வேண்டியது பிரதேச சபை.

அந்த வட்டாரத்தின் தேர்தல் சரித்திரத்தை எழுதச் சொன்னால் வென்றவர்களின் பெயர்களைத்தான் எழுதுவார்கள். அதற்கு அரைப் பக்கம் போதும், எல்லாரும் கடைவீதிக்காரர்கள். என்னிடம் கேட்டால் வேறு மாதிரி எழுதுவேன். வெள்ளைக்காரன் காலத்தில் மேலே தோட்டத்தில் இருந்தவர்களுக்கு வாக்கு இருந்தது. சுதந்திரம் வந்த கையோடு பிரசாவுரிமைச் சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி அந்த வாக்கைப் பறித்துக்கொண்டது. அதன் பிறகு நெடுங்காலம் தேர்தல் ஜீப்கள் லயத்தைக் கடக்கும்போது ஒலிபெருக்கியை நிறுத்திவிடுமாம், வாக்கில்லாத ஆளுக்கு எதற்கு பெட்டரியை வீணாக்குவது என்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரசாவுரிமை திரும்பக் கிடைத்தது. வாக்கு வந்தது. ஜீப்கள் லயத்தடியிலேயே நிற்கத் தொடங்கின. கூரைக்குத் தகரம் வந்தது, கோயிலுக்கு மணி வந்தது, பாதை மட்டும் வரவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த வட்டாரத்தின் சரித்திரம் இதுதான். வென்றவர்களின் பெயர்களை நான் மறந்துவிட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் நடந்த பிரதேச சபைத் தேர்தலில் அந்த வட்டாரத்தின் தோட்டப் பாடசாலைக்கு என்னைச் சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலராகப் போட்டார்கள். அதாவது அந்த நிலையத்தில் நடப்பதற்கெல்லாம் நான் பொறுப்பு. அந்தத் தேர்தலில் வாக்கெடுப்பு முடிந்ததும் அதே இடத்தில், அதே அலுவலர்களே வாக்குகளை எண்ணுவதும் நடைமுறை. முக்கியமான போட்டி இரண்டு தரப்புக்குள். ஒன்று கடைவீதிக்காரர்களின் கட்சி. மற்றது அந்தப் பாதையைக் கேட்டே இறங்கியிருந்த தோட்டத்துச் சுயேச்சைக் குழு.

என்னோடு வந்தவர் கஜன் என்ற இளம் அலுவலர். யாழ்ப்பாணத்தவர், கண்டிக்கு முதல் நியமனத்தில் வந்து சில மாதங்கள்தான். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. எப்படி வாக்களிப்பது என்ற படம் போட்ட அறிவித்தல் காலைத் தூறலில் நனைந்து கிழிந்துபோயிருந்தது. அதைப் பார்த்த கஜன், யாரும் சொல்லாமலே வாசலில் போய் நின்று வரிசைக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார்.

"அம்மா, ஐயா, எல்லாரும் வடிவாக் கேளுங்கோ. இது போன தேர்தல் மாதிரி இல்லை. இந்த முறை ஆளின்ர நம்பருக்குப் போடுற விருப்பு வாக்கு இல்லை. உங்களுக்குப் பிடிச்ச சின்னத்துக்கு நேர ஒரேயொரு புள்ளடி. அவ்வளவுதான். வேற ஒண்டும் போடக்கூடாது, போட்டா உங்கட வாக்கு செல்லாது."

அதில் என்ன பிழை? ஒன்றுமில்லை. உங்களில் எவரும் அப்படித்தான் சொல்வீர்கள். வாக்குச்சீட்டில் இடுகிற பெருக்கல் அடையாளத்துக்கு நம் நாட்டு அலுவலகத் தமிழில் புள்ளடி என்றுதான் பெயர். புள் என்றால் பறவை, அதன் காலடித் தடம் என்று அர்த்தம். அழகான சொல். ஆனால் லயத்தில் பேசுகிற தமிழ் வேறு வழியாக வந்த தமிழ். அங்கே அதைக் 'குறுக்குக் கோடு' என்பார்கள். எங்கள் வீட்டில் உம்மா அதைப் பெருக்கல் என்பார். அலுவலகத்துக்கு வெளியே புள்ளடி என்று யாரும் கறி வாங்கவோ கடிதம் எழுதவோ போவதில்லை. "இது போன தேர்தல் மாதிரி இல்லை" என்று வேறு கஜன் சொல்லிவிட்டார். அந்த மக்கள் அதை அக்கறையாகக் காதில் வாங்கிக்கொண்டார்கள். போன தடவை கோடு போட்டோம், இந்தத் தடவை அது இல்லை, ஐயா சொல்கிறாரே, புள்ளி அடிக்கணுமாம், ஒண்ணே ஒண்ணு.

அது எனக்குத் தெரியவந்தது இப்படி. வாக்களிக்கும் மறைப்புக்குப் பின்னாலிருந்து ஓர் இளம்பெண் தலையை நீட்டினாள். பாடசாலையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெண்ணும் அவர்களுக்கு டீச்சர்தான்.

"டீச்சர், பேனா சரியா எழுதலீங்க. புள்ளி ரொம்பச் சின்னதா விழுந்திருக்கு. அதுக்கு மேலயே இன்னொருக்கா அடிக்கலாமுங்களா?"

"சீட்டைக் காட்டாதீங்க, மடிச்சு வச்சுக்கங்க. என்ன புள்ளி?"

"அந்த ஐயா புள்ளி அடின்னாங்கல்ல?"

அந்தப் பெண்ணின் சீட்டு இன்னும் கையில்தான் இருந்தது. பழுதான சீட்டு என்று அதை வாங்கிக்கொண்டு புதிய சீட்டுக் கொடுத்து, எப்படிப் போடுவது என்று மேசைமேல் விரலால் கோடிழுத்துக் காட்டினேன். அவள் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் காலையிலிருந்து அவளுக்கு முன்னால் வந்து பெட்டியில் போட்டவர்கள்? அவர்களுடைய சீட்டைத் திருப்பி எடுக்க எந்த வழியும் இல்லை.

வாசல்வரை போய்விட்ட ஒருவர் நாங்கள் பேசியதைக் கேட்டுத் திரும்பி வந்தார். முத்தாயி என்று பெயர். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். விரலில் மை இன்னும் காயவில்லை.

"அப்போ நாங்க போட்டது?" என்று கேட்டார்.

"நீங்களும் புள்ளியா வச்சீங்க?"

"சொன்னதத்தானே செஞ்சோம். சரி, பொட்டியத் தொறங்க. என்னுதத் திருத்திப் போட்டுட்டுப் போறேன்."

"பெட்டியைத் திறக்க முடியாதும்மா. திறந்தாலும் எது உங்களுடையதுன்னு யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாட்டிப் போகுது. என் புள்ளி எனக்குத் தெரியாதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முத்தாயி சிரிக்கவில்லை.

"எங்கப்பாவுக்கு வோட்டு இருந்துச்சாம், புடுங்கிட்டாங்க. அவரு செத்தப்போ அவருக்கு நாடே இல்ல. எனக்கு வோட்டு வந்தப்போ மூத்தவளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டிருந்தோம். அன்னையில இருந்து ஒரு தடவகூட விட்டதில்லீங்க டீச்சர். காச்சலோட வந்து போட்டிருக்கேன். இன்னைக்கு இந்த ஐயா புள்ளி அடிங்கன்னு சொல்லி என் வோட்ட அடிச்சிட்டாரே!"

கஜன் வாசலிலிருந்து ஓடிவந்தார். "மிஸ், நான் புள்ளி எண்டு சொல்லேல்லை. புள்ளடி எண்டுதான் சொன்னனான். அது நல்ல தமிழ்தானே?"

"நல்ல தமிழ்தான் தம்பி. அவங்க கேட்டதும் தமிழ்தான். இப்ப வெண்கட்டி எடுங்க."

பாடசாலையின் கரும்பலகையைத் தூக்கி வாசலில் வைத்து, அதில் ஒரு பெரிய பெருக்கல் அடையாளம் மட்டும் போடச் சொன்னேன். எந்தச் சின்னமும் இல்லை, எந்தச் சொல்லும் இல்லை. அதோடு இனி வருகிறவர்களின் வாக்கு தப்பித்தது. பெட்டிக்குள் போனவற்றுக்கு என்ன செய்வது என்பதுதான் மிச்சம்.

இங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். எண்ணும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அதை ஒத்திவைக்க எனக்கு ஆசையாக இருந்தது. ஒத்திவைத்தால் என்ன நடக்கும்? பெட்டி திறந்ததும் புள்ளிகள் எந்தப் பக்கம் விழுந்திருக்கின்றன என்று எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நான் என்ன தீர்ப்புச் சொன்னாலும் ஒரு பக்கத்துக்கு விலைபோனவள் என்றுதான் பேசுவார்கள். யாருக்கு லாபம் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில்தான் விதியைச் சொல்ல வேண்டும். ஆகவே கட்சிகளின் முகவர்களை அப்போதே மேசைக்கு அழைத்தேன். வாக்காளரின் எண்ணம் சீட்டில் தெளிவாகத் தெரிந்தால், அடையாளம் வேறாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்று நம் விதிகளில் இடமிருக்கிறது. அதைச் சொன்னேன். ஒரு சின்னத்துக்கு நேரே மட்டும், வேண்டுமென்றே வைத்த புள்ளியாக இருந்தால் எண்ணுவேன், இரண்டு சின்னங்களுக்கு நேரே இருந்தால் எண்ண மாட்டேன் என்றேன்.

கடைவீதிக் கட்சியின் முகவர் ரிஸ்வான், திகனவிலிருந்து வந்து அங்கே துணிக்கடை வைத்திருப்பவர். என்னைத் தனியாக ஓரத்துக்கு அழைத்தார்.

"தாத்தா, என்னத்தச் செல்றீங்க? புள்ளி வெச்சா அது வோட்டா?" என்றார். எங்கள் முஸ்லிம் ஆட்கள் மூத்த சகோதரியை அப்படித்தான் அழைப்போம். காலையிலிருந்து என்னை மிஸ் என்று கூப்பிட்டவருக்கு அந்த நேரத்தில் நான் தாத்தாவாகிவிட்டேன். "தோட்டத்துப் புள்ளியெல்லாம் அவங்கட பக்கம்தானே போயீக்கும். நீங்க எங்கட ஆள், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"ரிஸ்வான், வாக்கெடுப்பு முடியுற வரைக்கும் நான் யாருக்கும் தாத்தா இல்ல. போய்க் கதிரையில இருங்க" என்றேன். முறை சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்க வருகிறவர்கள் உங்களுக்கும் வருவார்கள். அண்ணன் என்பார்கள், மச்சான் என்பார்கள், ஒரே ஊர் என்பார்கள். அந்த உறவு வாக்கெடுப்பு முடிகிற நாலு மணிக்கு மேல் இருக்காது.

பகல் திரும்பும் நேரத்தில் எங்கள் வலயத்துக்குப் பொறுப்பான அதிகாரி வாகனத்தில் வந்து இறங்கினார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நம் மொழி பேசுகிறவர், நன்றாகப் படித்தவர், மேடையில் நின்றால் தமிழின் பெருமையைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசக்கூடியவர்.

"இதுக்குப் போய் ஏன் மிஸ் தலையைப் போட்டு உடைக்கிறீங்க? தோட்டத்து ஆக்கள் எல்லாத் தேர்தல்லயும் இப்படித்தான். வோட்டுப் போடத் தெரியாத சனம். எல்லாத்தையும் நிராகரிப்புல போட்டுட்டு வேலையச் சுருக்கா முடிங்க."

எனக்கு அப்போது வந்த கோபம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அவர்களுக்கா தெரியாது? சொன்னதைச் சொன்னபடி, ஒன்றே ஒன்று, வேறு எதுவும் போடாமல், அச்சடித்தாற்போல் செய்துவிட்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு விளங்குகிற சொல்லைத் தேடத் தெரியாதது நமக்கு. நம்முடைய ஒரு சொல்லால் விழுந்த பிழையை அவர்களுடைய அறிவின்மை என்று எழுதிவைப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதுவும் ஒரு தலைமுறை முழுவதும் வாக்கில்லாமல் வைத்திருந்துவிட்டு.

இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு வசனம்தான் சொன்னேன். "அந்த உத்தரவை எழுத்தில தாங்க சேர், செய்றேன்."

"எழுத்தில எதுக்கு மிஸ்?"

"அப்ப என்னுடைய பொறுப்பில நான் முடிவெடுக்கிறேன்."

அவர் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். வாயால் வருகிற உத்தரவை எழுத்தில் கேளுங்கள். பாதி உத்தரவுகள் அந்த இடத்திலேயே செத்துப்போகும்.

இதற்கிடையில் முத்தாயியும் இன்னும் சில பெண்களும் வீட்டுக்குப் போகாமல் பாடசாலைக்கு வெளியே பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பொலிஸ்காரர் விரட்டவா என்று கேட்டார். எல்லைக்கு வெளியேதானே இருக்கிறார்கள், இருக்கட்டும் என்றேன்.

நாலு மணிக்கு வாசலை மூடினோம். மாணவர் மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் பெட்டியைக் கவிழ்த்தோம். கஜன் சீட்டுகளை ஒவ்வொன்றாக விரிக்க, முகவர்கள் கழுத்தை நீட்டி நின்றார்கள். சிறிது நேரத்தில் முதலாவது புள்ளி வந்தது. பேனை தவறிப் பட்ட புள்ளி அல்ல. அழுத்தி, சுழற்றி, ஒரு மிளகளவுக்குப் பெரிதாக்கி, தாளின் மறுபக்கமே தெரியும்படி வைத்த புள்ளி. கட்டத்துக்குள் நட்ட நடுவில் இருந்தது.

நான் அந்தச் சீட்டைக் கையில் எடுத்து ரிஸ்வானின் முன்னால் பிடித்தேன்.

"இந்த ஆள் யாருக்கு வாக்குப் போட்டிருக்கார்? பார்த்துச் சொல்லுங்க."

ரிஸ்வான் குனிந்து பார்த்தார். பார்த்தவருடைய வாய் மூடவில்லை. புள்ளி இருந்தது அவருடைய கட்சிச் சின்னத்துக்கு நேரே.

"எங்கட சின்னத்துக்குத்தான்," என்றார் மெதுவாக.

"சந்தேகம் ஏதும் ஈக்குதா?"

"இல்ல."

"அப்ப எண்ணவா, தள்ளவா?"

அவர் தன் பக்கத்தில் நின்ற சுயேச்சைக் குழுவின் முகவரைப் பார்த்தார். தோட்டத்துப் பையன் அவன். காலையிலிருந்து புள்ளிகள் எல்லாம் தங்களுடையவை என்ற நம்பிக்கையில் வாயைத் திறக்காமல் இருந்தவன். இப்போது அவனுடைய முகமும் விழுந்துவிட்டது. தோட்டத்தார் எல்லாரும் ஒரே பக்கம் என்று கடைவீதியும் நினைத்திருந்தது, தோட்டத்துக் குழுவும் நினைத்திருந்தது, வாகனத்தில் வந்த பெரிய மனிதரும் நினைத்திருந்தார். புள்ளி வைத்தவர்கள் மட்டும் தங்கள் தங்கள் இஷ்டத்துக்கு வைத்திருந்தார்கள்.

"எண்ணுங்க தாத்தா," என்றார் ரிஸ்வான்.

தன்னுடையதை எண்ணச் சொன்னவருக்கு அதன் பிறகு மற்றவருடையதைத் தள்ளச் சொல்ல வாயில்லை. புள்ளி வந்த ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முகவர்களிடமும் காட்டினேன். யாருக்கு என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தேன். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்ன பிறகுதான் எண்ணினோம். இரண்டு சின்னங்களுக்கு நேரே புள்ளி வைத்திருந்த சில சீட்டுகள் வந்தன. காலையில் சொன்ன விதியை மாற்ற முடியாது. அவற்றை நிராகரித்த சீட்டுகளோடு சேர்த்து வைத்தேன், மனசு வலித்தது. கஜன் அவற்றைத் தொடவே மறுத்துவிட்டார்.

முடிவில் கடைவீதிக் கட்சியே வென்றது. எப்போதும் போல.

முடிவை அறிவிக்கத் தொலைபேசியில் அழைத்தபோது அந்த வலய அதிகாரிதான் எடுத்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "பார்த்தீங்களா மிஸ், எண்ணியும் ஒண்ணும் மாறல்ல. வீணா எல்லாருக்கும் நேரம் போனதுதான் மிச்சம்." பிறகு, விதிக்குப் புறம்பான சீட்டுகளை ஏன் ஏற்றீர்கள் என்று விளக்கம் கேட்கவேண்டி வரும் என்றும் சொன்னார். கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

வீணாம். நான் உங்களிடம் கோபம் என்று சொன்னேனே, அது இந்தச் சிரிப்பின்மேல் உள்ள கோபம். முடிவு மாறினால்தான் ஒரு மனிதரை எண்ண வேண்டும் என்றால், இந்த நாட்டில் எத்தனை பேரை எண்ணாமலே விட்டுவிடலாம்! அப்படி நினைத்துத்தானே முத்தாயியின் தகப்பனையும் ஒரு காலத்தில் கணக்கிலிருந்து எடுத்தார்கள். சட்டம் போட்டு எடுத்தால் என்ன, சோம்பேறித்தனத்தால் எடுத்தால் என்ன, எடுக்கப்பட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பொருட்களை வாகனத்தில் ஏற்றி நாங்கள் வெளியே வந்தபோது அந்தப் பெண்கள் இன்னும் பாதையோரத்தில்தான் இருந்தார்கள். கடைவீதியில் பட்டாசு வெடிக்கத் தொடங்கிவிட்டது. யார் வென்றார் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முத்தாயி எழுந்து வாகனத்தின் அருகே வந்தார். கஜன் என் பின்னால் மறைந்துகொண்டார்.

"டீச்சர், எங்க புள்ளிய எண்ணினீங்களா?"

"எண்ணினோம்மா."

"எல்லாத்தையுமா?"

பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. "ரெண்டு சின்னத்துக்கு வச்சிருந்ததை மட்டும் எண்ண முடியல" என்றேன்.

"அதுல ஒண்ணு எங்கூட்டுக்காரருதாத்தான் இருக்கும். அவரு எதுலயும் ஒண்ணுல நிக்க மாட்டாரு" என்றார் முத்தாயி. பின்னால் இருந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்கியதும் அவர் மறுபடி கேட்டார்.

"அப்போ எங்கள எண்ணித்தான் தோக்கடிச்சிருக்காங்க?"

"ஆமாம்மா. எண்ணித்தான்."

"அப்போ சரி. எண்ணித் தோத்தா தோல்வி. எண்ணாம விட்டாத்தான் நாம ஆளே இல்லன்னு ஆயிருது." மடியைத் தட்டிவிட்டுக்கொண்டு கஜனைப் பார்த்தார். "ஐயா, வருத்தப்படாதீங்க. அடுத்த தடவ மட்டும் எங்களுக்கு விளங்குற மாதிரிச் சொல்லுங்க." அவ்வளவுதான். மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, பட்டாசுச் சத்தத்துக்கு முதுகைக் காட்டியபடி, அந்தப் பாறைப் பாதையில் ஏறத் தொடங்கினார்.

அந்தப் பாதை இன்னும் போடப்படவில்லை. அவர் சொன்ன அடுத்த தடவை வந்துவிட்டது. இம்முறை அந்தத் தோட்டப் பாடசாலைக்குப் போவது உங்களில் ஒருவர். அது யார் என்று எனக்குத் தெரியாது. அவர் அந்த வாசலில் போய் நிற்கும்போது முத்தாயி வரிசையில் நின்று அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.